கடல் தாண்டி வந்த படம்

மலர்க்குழுவினர் போன் செய்து, "அண்ணே, நீங்க இயற்பியல் மாணவர், ஏதாவது வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். இயற்பியலுக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று, உச்சியில் நாலைந்து அலுமினியக் கம்பிகளோடு சாய்ந்து நிற்கிறது. நாற்பது வருஷமாக நிற்கிறது. காக்கை உட்காருவதைத் தவிர இன்று வேறு உபயோகம் கிடையாது. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை விலை கேட்டுவிட்டார். அதைப் பார்த்ததும் எழுத வேண்டியது இதுதான் என்று தோன்றியது.

எங்கள் செட் 1982இல் பட்டப்படிப்பில் சேர்ந்தது. அந்த வருஷம்தான் நம் கடற்கரைக்குக் கம்பியில்லாமல் படம் வந்து சேர்ந்தது. வந்தது சென்னையிலிருந்தோ தில்லியிலிருந்தோ இல்லை. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது!

முதலில் குரல்

படத்துக்கு முன்னால் குரல் வந்திருந்தது. நம் அப்பா, அம்மா காலத்திலேயே இலங்கை வானொலி இந்தப் பக்கத்து வீடுகளுக்குச் சொந்தக்காரர் மாதிரி. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று பெயர் சொன்னால் போதும், எங்கள் வயதுக்காரர்களுக்கு முகம் மலரும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். ராமேஸ்வரத்துக்கு மதுரையைவிட மன்னார்தான் பக்கம். ஆகவே ரேடியோ அலைக்கு அது ஒரு தூரமே இல்லை. பாட்டு கேட்க விசா வேண்டியதில்லை.

படம் வேறு சமாச்சாரம். இந்தியாவில் 1959 செப்டம்பர் 15இல் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னைக்கு அது வர 1975 ஆகஸ்ட் 15 ஆயிற்று. சென்னை நிலையத்தின் வீச்சு அந்த நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. ராமநாதபுரம் அதற்கு வெகு தூரம்.

இதே 1975இல் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, 'சைட்' என்ற பரிசோதனையை இஸ்ரோ ஒரு வருஷம் நடத்தியது. ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு நேரடியாக வானிலிருந்து படம் வந்தது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. ஆனால் கொழும்பில் ஒரு வீட்டில் அந்தப் படம் தெரிந்தது! விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் இஸ்ரோ பொறியாளர்களே போய் வட்டில் ஆன்டெனா நிறுவிக் கொடுத்தார்கள். செயற்கைக்கோள் வழியே உலகம் முழுவதும் ஒளிபரப்பலாம் என்று 1945லேயே எழுதியவர் அவர். நமக்குக் கிடைக்காத இந்தியப் படம் கொழும்புக்குக் கிடைத்தது. ஏழு வருஷம் கழித்து, இந்தியாவில் இருந்த நமக்கு இலங்கைப் படம் கிடைத்தது. கணக்கு நேராகிவிட்டது.

ரூபவாகினி

இலங்கை அரசின் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15இல் தொடங்கியது. ஜப்பான் அரசின் உதவியில் உருவானது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில், 2524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகாலை மலை உச்சியில் ஒரு ஒளிபரப்பி. வடக்கே கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் கொக்காவிலில் இன்னொன்று.

கொஞ்ச நாளில் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று கடலோர ஊர்களில் குழாய்கள் முளைத்தன. சவுக்குக் கம்பு, பாய்மரக் கம்பு, தண்ணீர்க் குழாய் எதுவும் விலக்கில்லை. நாற்பதடி, ஐம்பதடி உயரம், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி, உச்சியில் ஆன்டெனா, பக்கத்தில் 'பூஸ்டர்' டப்பா. பாம்பனில் சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை தீவுக்குள் டி.வி. பெட்டி ரயிலில் போக வேண்டும், இல்லையென்றால் தோணியில் போக வேண்டும். சாலிடேர், டயனோரா பெட்டிகளைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு பாம்பன் ரயில் பாலத்தைக் கடந்தவர்கள் இன்றும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள்.

மாலையில் தெருவெல்லாம் ஒரே சத்தம். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார், வாசலில் ஒருவர் தூது சொல்வார், உள்ளே ஒருவர் பெட்டி முன்னால்.

"தெரியுதா?"

"இல்ல, புள்ளி புள்ளியா இருக்கு!"

"இப்ப?"

"ஆங்... வருது, வருது... போச்சு! கொஞ்சம் தெக்க திருப்பு!"

படம் நிலைத்துவிட்டால், மாடியில் இருப்பவர் மூச்சு விடக்கூட யோசிப்பார். கையை எடுத்தால் படம் போய்விடும் என்று குழாயைப் பிடித்தபடியே ஒரு மணி நேரம் நின்ற நண்பன் ஒருவன் உண்டு. அவன் நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை, கேட்டதுதான். (பெயரைச் சொல்ல மாட்டேன். இந்த ஆண்டும் விழாவுக்கு வருகிறான்.)

பேராசிரியர் போட்ட கணக்கு

ஒருநாள் வகுப்பில் நாங்கள் இதைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் இயற்பியல் பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "சரி, அந்தப் படம் உங்க வீட்டுக்கு வரவே கூடாதே! எப்படிடா வருது?" என்றார். கரும்பலகையில் கணக்கைப் போட்டார். இப்போது படிக்கும் மாணவர்களுக்காக அதையே இங்கே தருகிறேன்.

தொலைக்காட்சி அலை கிட்டத்தட்ட ஒளியைப் போல நேர்கோட்டில் போகிறது. பூமி உருண்டை. ஆகவே ஒரு தூரத்துக்குப் பிறகு அலை நம் தலைக்கு மேலே வானத்துக்குப் போய்விடும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் எல்லை கிலோமீட்டரில் வரும். காற்று அலையைச் சற்றே வளைப்பதும் இந்த எண்ணில் அடங்கிவிட்டது. அனுப்பும் முனைக்கு ஒரு கணக்கு, வாங்கும் முனைக்கு ஒரு கணக்கு. இரண்டையும் கூட்ட வேண்டும்.

பீதுருதாலகாலை 2524 மீட்டர். வர்க்கமூலம் ஏறத்தாழ 50.2, எல்லை 207 கிலோமீட்டர். நம் வீட்டுக் குழாய் 10 மீட்டர் என்றால் அது ஒரு 13. மொத்தம் 220. ஆனால் அந்த மலைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர்! எண்பது கிலோமீட்டர் இடிக்கிறது. கொக்காவில் ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். ஆனால் அது மலையல்ல, சமதரை. வெறும் கோபுரத்தின் உயரத்தை வைத்துப் பார்த்தால் அதுவும் எல்லைக்கு வெளியேதான்.

"அப்ப எப்படி சார் வருது?"

"கடலைக் கேளு" என்றார்.

விளக்கம் இதுதான். சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். ஆனால் காற்று அடங்கிய மாலையில், நிலத்தின் சூடான, காய்ந்த காற்று கடலின் குளிர்ந்த, ஈரக் காற்றின் மேல் போர்வை போலப் படுத்துக்கொள்ளும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலை கீழ்நோக்கி வளையும். மேலே போர்வை, கீழே கடல். நடுவில் அலை ஒரு குழாய்க்குள் போவதுபோல உருண்டையின் வளைவோடு சேர்ந்தே போகும். அதனால்தான் அடிவானத்துக்கு அப்பால் இருந்த படம் நமக்கு வந்தது. பலத்த காற்று வீசினால் அந்தப் போர்வை கலைந்துவிடும், படமும் போய்விடும்.

இதைக் கேட்ட மீனவர் வீட்டு மாணவன் ஒருவன் எழுந்து, "எங்க அப்பா முன்னாடியே சொல்லுவாரு சார். கடல் கண்ணாடி மாதிரி கெடந்தா இன்னைக்கு ரூபவாகினி நல்லாத் தெரியும்பாரு" என்றான். பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அப்பாவுக்குத்தான்டா முதல் மார்க்" என்றார். வகுப்பே கை தட்டியது. அன்றுதான் எனக்கு இயற்பியல் பிடித்தது.

மண்டபத்து டீக்கடை

1983 ஜூலைக்குப் பிறகு எல்லாம் மாறியது. இலங்கையில் கலவரம். படகுகளில் மக்கள் வரத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த மண்டபம் முகாம், இப்போது அங்கிருந்து ஓடி வந்தவர்களின் அகதி முகாம் ஆனது.

மண்டபத்தில் ஒரு டீக்கடையில் டி.வி. இருந்தது. மறு வருஷம் ஒரு மாலை நானும் நண்பர்களும் அங்கே உட்கார்ந்திருந்தோம். ரூபவாகினி தமிழ்ச் செய்தி நேரம். காற்று அடித்துக்கொண்டிருந்ததால் படம் கிடைக்கவில்லை. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கடைக்காரர் எரிச்சலோடு பெட்டியை அணைக்கப் போனார். மூலையில் நின்றிருந்த ஒரு பெரியவர் பதறிப்போய், "தம்பி, நிப்பாட்ட வேண்டாம். படம் தேவையில்லை, குரல் காணும்" என்றார்.

அந்தப் புள்ளிகளுக்கு நடுவிலிருந்து மெல்லிசாகச் செய்தி வாசிப்பவரின் குரல் கேட்டது. மன்னார்ப் பக்கம் ஏதோ ஊர்ப் பெயர் வந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். செய்தி முடிந்ததும், "எங்கட ஊர் பேர் வரேல்லை. வராததே நல்லது" என்று சொல்லிவிட்டு முகாம் பக்கம் நடந்து போனார்.

நாங்கள் கிரிக்கெட்டுக்கும் பாட்டுக்கும் குழாய் தூக்கியவர்கள். அதே குழாயில் இன்னொரு மனிதர் தன் வீடு இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு ராமநாதபுரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

நம் பக்கத்துக் கோபுரங்கள்

எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் வந்தது. பேராசிரியரின் கணக்கை மறுபடியும் போடலாம். கொடைக்கானல் ஏறத்தாழ 2100 மீட்டர்; நம் குழாயோடு சேர்த்து எல்லை சுமார் 200 கிலோமீட்டர். ராமநாதபுரம் சுமார் 175, எல்லைக்குள். ராமேஸ்வரம் சுமார் 225, எல்லைக்கு வெளியே! ராமநாதபுரத்துக்காரர்கள் 'ஒளியும் ஒலியும்' பற்றி அளந்துவிட, தீவுக்காரர்கள் காற்று அடங்க வேண்டும் என்று சாமி கும்பிட்ட காரணம் இதுதான். யாழ்ப்பாணத்தில் கொடைக்கானல் படம் தெரிந்ததும் அதே கடல் போர்வை செய்த வேலைதான்.

பிறகுதான் ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது. 323 மீட்டர். கான்கிரீட் உடம்பு, உச்சியில் எஃகுக் கம்பம். இந்தியாவின் மிக உயரமான கட்டுமானங்களில் ஒன்று. கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் இந்தக் கோபுரம் தெரியும். இதன் எல்லை, கணக்குப்படி 87 கிலோமீட்டர். மன்னார் உள்ளே வருகிறது. யாழ்ப்பாணம் சரியாக விளிம்பில் நிற்கிறது. மலை இல்லாத தீவுக்கு மனிதன் கட்டிக் கொடுத்த மலை அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1983 ஆகஸ்ட் 30இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி, தில்லி நிகழ்ச்சிகளை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே செயற்கைக்கோளில் மேகத்தைப் படம் பிடிக்கும் கருவியும் இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது, பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலும் பயணிகளோடு அலையில் போனது. வரும் புயலின் முகத்தை மேலிருந்து பார்த்துச் சொல்ல அன்று நம்மிடம் சொந்தக் கண் இல்லை. அந்தக் கண் நமக்குக் கிடைத்தது எண்பதுகளில்தான். கம்பியில்லாமல் வந்த படங்களில் நம் கடற்கரைக்கு மிக முக்கியமானது சினிமாப் பாட்டல்ல, அந்த மேகப் படம்தான் என்பது என் கட்சி.

புள்ளியிலிருந்து இருபது லட்சம் புள்ளிக்கு

இப்போது என் பேரன் செல்போனில் ஏதோ ஒரு படத்தை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, சுவரில் மாட்டிய டி.வி.க்கு அனுப்புகிறான். கம்பி கிடையாது, குழாய் கிடையாது. "தாத்தா, ஹெச்.டி.!" என்கிறான். கொசுவின் காலைக்கூட எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு.

எங்கள் காலத்துப் படத்தில் 625 கோடுகள். கண்ணுக்குத் தெரிந்தவை சுமார் 575. முழு ஹெச்.டி.யில் 1080 கோடுகள், கோட்டுக்கு 1920 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். நொடிக்கு 25 படம் என்றால், அப்படியே அனுப்ப நொடிக்குச் சுமார் 124 கோடி பிட்டுகள் வேண்டும். எந்த அலைவரிசையும் தாங்காது. ஆனால் நடைமுறையில் ஒரு கோடிக்கும் குறைவான பிட்டுகளில் அனுப்பிவிடுகிறார்கள்.

எப்படி? மூட்டை கட்டுவதில் இருக்கிறது சூட்சுமம். வானம் முழுவதும் நீலம் என்றால் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக நீலம், நீலம் என்று சொல்வானேன்? படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தை மட்டும் எண்ணாக எழுது. முந்தைய படத்திலிருந்து மாறாததை விட்டுவிடு. இந்தக் கலைக்கு அடித்தளமான கணித முறையை 1974 ஜனவரியில் வெளியிட்டவர்கள் மூன்று பேர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ். இவர்களில் ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். இந்த யோசனைக்கு நசீர் அகமது முதலில் அமெரிக்க அறிவியல் அமைப்பிடம் நிதி கேட்டபோது கிடைக்கவில்லை. இன்று உலகத்தில் படம் பார்க்கும் ஒவ்வொரு போனிலும் அவர்களுடைய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மாணவச் செல்வங்களே, விண்ணப்பம் திரும்பி வந்தால் மனம் தளராதீர்கள்!

இந்தியாவில் 2010 காமன்வெல்த் போட்டிகளின்போது தூர்தர்ஷன் ஹெச்.டி. ஒளிபரப்பைத் தொடங்கியது. 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் மிகப் பெரும்பாலானவை 2022க்குள் நிறுத்தப்பட்டன.

நல்லதுதான். ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. பழைய அனலாக் படம் மெல்ல மெல்லச் சாகும்; புள்ளி கூடும், நிறம் போகும், உருவம் போகும், கடைசி வரைக்கும் குரல் மிஞ்சும். டிஜிட்டலில் நடுநிலை கிடையாது. அலையின் பலம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் படமும் குரலும் சேர்ந்தே நின்றுவிடும். மண்டபத்துப் பெரியவர் இன்று வந்திருந்தால், 'சிக்னல் இல்லை' என்ற நீலத் திரையைத்தான் பார்த்திருப்பார்.

இது வெறும் ஏக்கம் இல்லை. நம்முடையது புயல் கரை. கனமழை பெய்தால் வீட்டு மாடியில் இருக்கும் டி.டி.ஹெச். தட்டில் படம் நின்றுவிடுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அந்த உயர் அதிர்வெண் அலையை மழைத்துளி விழுங்கிவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்சாரமும் செல்போனும் சேர்ந்து போயின. அதற்கு முந்தைய வருஷம் ஒக்கியில், ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன் பிறகு செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி தரும் கருவிகள் வந்திருக்கின்றன, வரவேற்கிறேன். ஆனாலும் பேட்டரி ரேடியோவும், மழைக்கு அசையாத தரைவழி அலையும், ஒரு உயர்ந்த கோபுரமும் இந்தக் கரையில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அதிகத் தெளிவு வேண்டியது கிரிக்கெட்டுக்கு. புயலன்றைக்கு வேண்டியது, எப்படியாவது வந்து சேரும் ஒரு குரல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

கொக்காவில் கோபுரம் 1990 போரில் அழிந்தது. அந்த வருஷம் மறுபடியும் படகு படகாக மக்கள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். போர் முடிந்து 2011இல் அங்கே புதிய கோபுரம் கட்டினார்கள். நம் ராமேஸ்வரம் கோபுரமும் நிற்கிறது. நடுவில் அதே கடல், அதே மாலைக் காற்று, அதே போர்வை.

எங்கள் காலத்தில் இங்கே பார்த்த அந்தப் புள்ளிப் படங்களை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. நம் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கின்றன. ஞாபகமும் அனலாக்தான்; புள்ளி கூடிக்கொண்டே போகிறது. எனவே பழைய மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு மாடியில் அந்தக் குழாய் இன்னும் நின்றால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இயற்பியல் துறைக்குக் கொண்டுவந்து கொடுங்கள். கூடவே ஒரு தாளில், எந்த வருஷம் நட்டீர்கள், எந்தப் பக்கம் திருப்பினீர்கள், முதலில் என்ன பார்த்தீர்கள் என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். மாணவர்கள் அதை வைத்து நம் கடற்கரையின் அலை வரைபடம் ஒன்றைத் தயாரிக்கட்டும்.

என் வீட்டுக் குழாயை நான் இறக்கிவிட்டேன். விழாவன்று கொண்டுவருகிறேன். பிடித்துக்கொண்டு நிற்க அந்த நண்பனும் வருகிறான். இந்தத் தடவை அவனை உள்ளே உட்காரவைத்துவிட்டு, குழாயை நான் பிடித்துக்கொள்கிறேன்.